ஹான்ட்பிரேக்கை மட்டும் நம்பி மேட்டில் வண்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருகோணமலையில் 20 வருடத்துக்கு மேலாக ஹயர் வான் ஓட்டுகிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதாமல் விட மனம் கேட்கவில்லை. கொஞ்சம் நீண்டுவிட்டது, முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கோணேசர் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி, மேலே ஏறுகிற வீதி உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் அங்கே சனத்துக்குக் குறைவில்லை, வண்டி விட இடம் கிடைப்பதே பெரிய பாடு. ஆட்களை இறக்கிவிட்டு ஏற்றத்தில் ஓர் ஓரமாக வானை நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, முன்பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே ஒரு 20 அடி தள்ளி ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதில் வந்தவர்கள் இறங்கிக் கோயிலுக்குப் போய் ஐந்து நிமிடமாவது இருக்கும்.

முதலில் எனக்குக் கேட்டது சத்தம்தான். ரயருக்குக் கீழே சின்னச் சின்னக் கல் நசிகிற 'நறநற' சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்தக் கார் ஆளில்லாமல் பின்னுக்கு வருகிறது. அதற்கும் என் வானுக்கும் நடுவால் ஓர் ஆச்சி அர்ச்சனைத் தட்டோடு வீதியைக் கடக்கிறா. கத்தினால் அவ அந்த இடத்திலேயே நின்றுவிடுவா என்று எப்படித் தோன்றியதோ தெரியாது, கத்தாமல் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். தட்டு விழுந்தது, தேங்காய் உருண்டு போனது, கார் என் வானின் பம்பரில் வந்து மோதி நின்றது. இலக்கத் தகடு மடிந்து, பம்பர் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. ஆச்சிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஒரு நொடி பிந்தியிருந்தால் அவவின் இரண்டு காலும் இரண்டு பம்பருக்கும் நடுவில் போயிருக்கும். நானும் அவவோடு சேர்ந்து நசிந்திருப்பேன்.

இதற்குள் இரண்டு பெடியன்கள் ஓடி வந்து காரின் பின்பக்கத்தில் கையை வைத்துத் தடுக்கப் பார்த்தார்கள். நல்ல மனம்தான், ஆனால் அதைவிட ஆபத்தான வேலை வேறு இல்லை. கணக்கு லேசானது. 10 அடி போனால் 1 அடி உயர்கிற ஒரு மேட்டில், 1000 கிலோ கார் ஒன்று ஏறத்தாழ 100 கிலோ பாரத்தின் விசையோடு கீழே இழுக்கும். அது நிற்கிற காரைப் பிடித்துவைக்க மட்டும். உருளத் தொடங்கிவிட்டதை நிறுத்த அதைவிடக் கூட வேண்டும், அதுவும் செருப்புக் காலோடு மணல் கிடக்கிற தாரில் நின்றுகொண்டு. அதே மேட்டில் அந்தக் கார் 20 மீற்றர் தூரம் தடையில்லாமல் வந்திருந்தால் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டிருக்கும். என் வான் குறுக்கே நிற்காவிட்டால் கீழே கடைகளும் சின்னப் பிள்ளைகளும்தான். வண்டி உருள்வதைக் கண்டால் கத்துங்கள், ஆட்களை விலக்குங்கள், பின்னால் போய் நிற்காதீர்கள். ஓடிப் போய்க் கதவைத் திறந்து உள்ளே பாயவும் வேண்டாம். அப்படிப் பாயப் போய்க் கால் தடுக்கினால், திறந்திருக்கிற கதவே ஆளைக் கீழே விழுத்தி இழுத்துக்கொண்டு போகும்.

காரின் சொந்தக்காரர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். முகம் வெளிறிப்போய் இருந்தது. "ஹான்ட்பிரேக் போட்டனான் அண்ணை, சத்தியமா போட்டனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன், லீவர் மேலேதான் இருந்தது, ஆனால் இழுக்கும்போது 'கடக் கடக்' என்று விழுகிற பற்களில் மூன்றாவதோடு நின்றிருந்தது. கியர் நியூட்ரலில். முன்சில்லுகள் நேராக. கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. ஆக, அந்த 1000 கிலோவையும் பிடித்துக்கொண்டிருந்தது பின்சில்லுக்குப் போகிற ஒரு கம்பி கேபிள் மட்டும்தான். அது ஐந்து நிமிடம் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது.

அவரை நான் திட்டவில்லை. ஏனென்றால் நம்மில் பத்துப் பேரில் எத்தனை பேர் இதை வேறு மாதிரிச் செய்கிறோம்? நாங்கள் கடற்கரைச் சனம். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கே போனாலும் சமதரை. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையும் உவர்மலையில் சில ஒழுங்கைகளும் தவிர்த்தால் ஏற்றத்தில் வண்டி நிறுத்துகிற சந்தர்ப்பமே எங்களுக்குக் குறைவு. வீட்டு முற்றத்தில் நியூட்ரலில் விட்டாலும் கார் நகராது. ஹான்ட்பிரேக் போடாமலே வருடக்கணக்காக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் இன்னொரு வில்லங்கம், நம்முடைய உப்புக்காற்று. பாவிக்காமல் கிடக்கிற கேபிள் அதன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். லீவரை இழுத்தால் கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த இறுக்கம் துருவின் இறுக்கம். பின்சில்லில் பிரேக் முழுதாகப் பிடித்திருக்காது. கராஜில் இப்படி இறுகிப்போன கேபிள் எத்தனையைக் கழற்றிப் போட்டிருப்பார்கள் என்று உங்கள் மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு அந்த இடத்திலேயே நின்று சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

மேட்டில் வண்டி விடும்போது மூன்று காவல் வேண்டும், ஹான்ட்பிரேக் அதில் ஒன்றுதான். மற்றது கியர். மேலே பார்க்க நிறுத்தினால் முதலாம் கியர், கீழே பார்க்க நிறுத்தினால் ரிவர்ஸ். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரில் விட்டால், வண்டி உருளப் பார்க்கும்போது எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேண்டி வரும், சிலிண்டருக்குள் அடைபடுகிற காற்று அதைத் தடுக்கும். முதலாம் கியரும் ரிவர்ஸும்தான் கூடப் பிடிக்கும். நாலாம் கியரில் விட்டால் அவ்வளவு பிடிக்காது.

மூன்றாவது முன்சில்லைத் திருப்பி விடுவது. இதைத்தான் நம்மூரில் அநேகமாக ஒருவரும் செய்வதில்லை. வண்டியை இடது ஓரமாக விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பார்க்க நிறுத்தினால் ஸ்டியரிங்கை இடது பக்கம், அதாவது ஓரத்துப் பக்கம், திருப்பிவிட வேண்டும். பிரேக் விட்டுப்போனாலும் வண்டி நடுவீதிக்குப் போகாமல் ஓரக்கட்டில் முட்டி நிற்கும். மேலே பார்க்க நிறுத்தி, ஓரத்தில் கட்டு இருந்தால், வலது பக்கம் திருப்ப வேண்டும். இது கேட்க மாறாட்டமாகத் தெரியும், ஆனால் வண்டி பின்னுக்குத்தானே வரும், அப்போது முன்சில்லின் பின்பக்கம் கட்டில் போய் ஊன்றிக்கொள்ளும். மேலே பார்க்க நிறுத்துகிற இடத்தில் கட்டே இல்லையென்றால் இடது பக்கம் திருப்புங்கள், உருண்டாலும் வீதியை விட்டு ஓரத்துக்குப் போகும். அந்த ஓரம் பள்ளமாக இருந்தால்? அந்த இடத்தில் வண்டி விடவே கூடாது, அவ்வளவுதான். திருப்பிவிட்டுச் சாவியை எடுத்தால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், திருப்பின சில்லு திருப்பினபடியே நிற்கும்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிற இங்கிலாந்தின் வீதி விதிக் கோவையில் 252ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. ஏற்றத்தில் ஓரக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பு, இறக்கத்தில் கட்டுப் பக்கம் திருப்பு, கியரில் விடு என்று. மேடும் பள்ளமுமான அமெரிக்க நகரம் சான் பிரான்சிஸ்கோவில் இது சட்டம். 100 அடிக்கு 3 அடிக்கு மேல் உயர்கிற வீதி என்றாலே சில்லைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். 100 அடிக்கு 3 அடி என்பது நாங்கள் மேடு என்றே கணக்கெடுக்காத சரிவு. வலது பக்கம் ஓட்டுகிற நாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகாதீர்கள், அங்கே இடம் வலம் மாறும். 'கட்டுப் பக்கமா, வீதிப் பக்கமா' என்று நினைவில் வைத்தால் குழம்பாது.

நிறுத்துகிற ஒழுங்கும் முக்கியம். கால் பிரேக்கை மிதித்தபடி ஹான்ட்பிரேக்கை இறுக்கி இழுங்கள், நியூட்ரலுக்கு எடுங்கள், பிறகு காலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். வண்டி அசைந்தால் உங்கள் ஹான்ட்பிரேக் சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிடும், மறுநாளே கராஜுக்குப் போங்கள். அசையாவிட்டால் திரும்பக் காலை மிதித்து, எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு இறங்குங்கள். நேரே கியரில் போட்டுவிட்டு இறங்கினால் எது பிடிக்கிறது எது பிடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியவே வராது. பெரும்பாலான கார்களில் லீவர் 5 முதல் 8 பல்லுக்குள் இறுக வேண்டும். 10, 12 என்று மேலே போனால் கேபிள் தளர்ந்துவிட்டது.

ஓட்டோ கியர் கார் வைத்திருக்கிறவர்கள் 'பார்க்'கில் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 'பார்க்'கில் போடும்போது கியர் பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு ஒரு பல்லில் போய் மாட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஹான்ட்பிரேக் போடாமல் காலை எடுத்தால் காரின் முழுப் பாரமும் அந்த நாக்கில் விழும். மேட்டில் நிறுத்தின காரைத் திரும்ப எடுக்கும்போது 'டக்' என்று ஓர் அடி விழுகிறதே, அது அந்த நாக்குப் படுகிற பாடு. கால் பிரேக்கில் வைத்துக்கொண்டு, நியூட்ரலில் ஹான்ட்பிரேக்கைப் போட்டு, காலைத் தளர்த்தி, பாரம் ஹான்ட்பிரேக்கில் ஏறின பிறகு, திரும்ப மிதித்து 'பார்க்'கில் போடுங்கள். சில கார்களில் ஹான்ட்பிரேக்குக்குப் பதிலாகக் காலால் மிதிக்கிற தனிப் பிரேக் இருக்கும், வழி ஒன்றுதான்.

ஹைபிரிட் கார்க்காரர்களுக்கு இன்னொன்று. நிறுத்தினவுடன் எஞ்சின் தானாக அடங்கிவிடுகிறது, சத்தம் இல்லை. அணைத்துவிட்டோம் என்று நினைத்து, 'டிரைவ்'இலேயே விட்டுவிட்டு இறங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பலகையில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும்.

அப்புறம் வான் ஓட்டுகிற என்னுடைய ஆட்களுக்கு. நாங்கள் ஓட்டுகிற டொல்பின் போன்ற வான்கள் பின்சில்லால் ஓடுகிறவை. ஹான்ட்பிரேக்கும் பின்சில்லைத்தான் பிடிக்கிறது, கியரும் பின்சில்லைத்தான் பிடிக்கிறது. முன்சில்லால் ஓடுகிற காரில் கியர் முன்னையும் ஹான்ட்பிரேக் பின்னையுமாக நாலு சில்லும் காவலில் இருக்கும். நமக்கு அது இல்லை. பின்சில்லு மணலிலோ ஈரப் புல்லிலோ நின்றால் இரண்டு பிடியும் சேர்ந்தே வழுக்கிவிடும். அதனால் வானுக்குக் கல்லோ கட்டையோ கட்டாயம் வேண்டும், அதுவும் முன்சில்லுக்கு. மேட்டில் பின் ரயர் மாற்ற ஜாக் வைக்கிறவர்கள் இன்னும் கவனம். ஒரு பின்சில்லைத் தூக்கினவுடன் கியரின் பிடி போய்விடும், ஏனென்றால் தூக்கின சில்லு சும்மா சுற்றிக்கொண்டு மற்றச் சில்லை உருள விட்டுவிடும். மிச்சம் ஒரே ஒரு சில்லில் ஹான்ட்பிரேக்தான். முடிந்தால் அரைகுறை ரயரோடு மெல்ல ஓட்டிச் சமதரைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள், ரயர் போனால் போகட்டும். ஆட்கள் எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் ஜாக்கைத் தொட வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்கு இங்கேயிருந்து நிறையக் குடும்பங்கள் நுவரெலியாவுக்குப் போகின்றன. ஹபரணை தாண்டிக் கண்டிக்குப் போகும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது, அதற்குப் பிறகு ஏற்றம், வளைவு, மழை, பனிமூட்டம் எல்லாம் ஒன்றாக வரும். திரும்பி வரும்போது இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து ரம்பொடையில் தேநீர் குடிக்க நிறுத்துகிறோம். பின்சில்லுக்கும் டிஸ்க் பிரேக் உள்ள கார்களில் அந்த நேரம் டிஸ்க் கொதித்துப்போய் இருக்கும். அந்தச் சூட்டில் ஹான்ட்பிரேக் நன்றாகப் பிடிக்கிற மாதிரித்தான் தெரியும். நீங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது டிஸ்க் ஆறும், ஆற ஆறச் சுருங்கும், பிடி தளரும். நிறுத்தின உடனே உருளாத வண்டி பத்து, பதினைந்து நிமிடம் கழித்து உருளுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வெள்ளைக் கார் ஐந்து நிமிடம் நின்று உருண்டதற்கு எது காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கியரும் திருப்பின சில்லும் இருந்திருந்தால் எந்தக் காரணமாக இருந்தாலும் அது இப்படி உருண்டு வந்திருக்காது. மலைநாட்டில் மழைக்குப் பிறகு தார் விளிம்புக்கு வெளியே இருக்கிற மண் கரையையும் நம்பக் கூடாது, பார்க்க இறுக்கமாக இருக்கும், பாரம் ஏறினால் சரியும். மலைச் சுவர்ப் பக்கமாக, கல் விழாத இடம் பார்த்து விடுங்கள்.

மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பாரம் குறைவு, அதனால் சனம் அதைக் கணக்கெடுப்பதில்லை. மோட்டார் சைக்கிளை முன்சில்லு மேட்டுப் பக்கம் பார்க்கிற மாதிரி, முதலாம் கியரில் விட வேண்டும். கீழே பார்க்க விட்டால் முன்னுக்கு நகர்ந்து ஸ்டாண்ட் மடங்கிவிடும். வெயில் காலத்தில் தார் இளகினால் ஸ்டாண்டே உள்ளே புதையும், ஒரு தட்டைக் கல்லை அதற்குக் கீழே வையுங்கள். ஸ்கூட்டருக்குக் கியர் பிடி கிடையாது, பிரேக்கைப் பூட்டுகிற கொழுக்கி இல்லாவிட்டால் மேட்டில் விடாமல் இருப்பதே நல்லது. ஓட்டோவை ஹான்ட்பிரேக்கோடு கியரிலும் விட்டு, ஒரு கல்லும் வைத்தால் போதும்.

கல் என்று சொன்னதும் இன்னொரு கவலை. சில்லுக்குக் கல் வைக்கிறவர்கள் போகும்போது அதை எடுப்பதில்லை. வண்டியை முன்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கல் நடுவீதியில் கிடக்கும். உவர்மலை இறக்கத்தில் போன மாரிக்கு ஒரு பெண்பிள்ளை இருட்டில் ஸ்கூட்டரோடு அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்ததை நானே தூக்கிவிட்டேன். தாடையில் காயம். ஒருவருடைய வண்டிக்குக் காவலாக இருந்த கல், இன்னொருவருடைய பிள்ளையை விழுத்தியது. கல்லை எடுத்து ஓரத்தில் போட அரை நிமிடம் போகாது.

கல்லை விடக் கட்டை நல்லது. மரக்காலையில் 4 அங்குலத் துண்டு ஒன்றைச் சரிவாக அறுத்துத் தரச் சொன்னால் அறுத்துத் தருவார்கள். இரண்டு கட்டையை ஒரு கயிற்றால் தொடுத்து வைத்திருக்கிறேன், கயிற்றின் ஒரு முனையைக் கதவுக் கைபிடியில் கொழுவி விடுவேன். திரும்பி வந்து கதவைத் திறக்கப் போனால் கயிறு கையில் தட்டும், கட்டையை மறக்க முடியாது. வைக்கும்போது சில்லின் இறக்கப் பக்கத்தில், ரயரோடு ஒட்டி வைக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால், உருண்டு வருகிற வண்டி அதில் ஏறித் தாண்டிவிடும். எடுக்கும்போது காலால் உதைக்காதீர்கள். ஒருவர் உள்ளே இருந்து கால் பிரேக்கில் வண்டியைக் கொஞ்சம் மேலே எடுத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பக்கவாட்டில் நின்று கயிற்றால் இழுக்க வேண்டும்.

புது வண்டி எடுத்தால் கோணேசருக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். நானும் செய்தவன்தான், இனி எடுத்தாலும் செய்வேன். அன்றைக்கே வண்டிக்குள் இரண்டு கட்டையும் போட்டு வைத்தால் என்ன? பூசைக்கு வருகிற வீட்டுப் பெரியவர்கள் அதையும் ஒரு வழக்கமாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'அஞ்சு நிமிசம், இருங்கோ பிள்ளையள்' என்று சின்னப் பிள்ளைகளைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நாலு வயதுப் பிள்ளைக்கு ஹான்ட்பிரேக் லீவர் ஒரு விளையாட்டுச் சாமான். ஏற்றத்தில் நிற்கிற வண்டிக்குள் பிள்ளையைத் தனியே விடவே கூடாது, தூங்குகிற பிள்ளை என்றாலும் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனிப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு. கோட்டை வாசலில், மேலே ஏறுகிறதற்கு முன், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வேண்டும். 'கியரில் விடுங்கள், சில்லைத் திருப்புங்கள்' என்று படத்தோடு இருந்தால் போதும். தெற்கிலிருந்து வருகிறவர்கள், வெளிநாட்டுக்காரர்கள், நம்மவர்கள் எல்லோரும் அந்த வாசலால்தான் போகிறார்கள். வண்டி நிறுத்துகிற இடங்களில் சில்லு முட்டி நிற்க ஒரு தாழ்வான கட்டுப் போடலாம். அது பழைய கோட்டை, கண்ட இடத்தில் தோண்ட முடியாது என்று தெரியும். தொல்பொருள் திணைக்களத்தோடு கதைத்து, நிலத்தைத் தொடாமல் மேலே வைக்கிற கொங்கிறீட் தடுப்பாக என்றாலும் வைக்கலாம். சிவராத்திரி போன்ற நாட்களில் பெரிய பஸ்களையும் பாரம் கூடிய வான்களையும் சமதரையிலேயே நிறுத்திவிட்டு, ஏலாத வயதானவர்களை மட்டும் சின்ன வண்டியில் மேலே கொண்டுபோகிற ஒழுங்கைப் பொலிஸார் செய்தால் அரைவாசி ஆபத்துக் குறைந்துவிடும்.

சாரதிப் பயிற்சி கொடுக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நான் பழகின இடத்தில் எட்டுப் போடச் சொல்லித் தந்தார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தந்தார்கள். மேட்டில் விட்டுவிட்டு இறங்குவது எப்படி என்று ஒரு நாள்கூடச் சொல்லித் தரவில்லை. அதை மலைநாட்டுக்கு ஹயர் போய், ஹட்டனில் ஒரு லொறிக்கார ஐயா என் வானைப் பார்த்துவிட்டு, "தம்பி, சில்லை இப்படி நேரா விட்டுட்டா போவீங்க?" என்று கேட்ட பிறகுதான் பழகினேன். அன்றைக்கு அவர் தன் லொறியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து என் முன்சில்லுக்கு வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. எல்-போர்ட் பிள்ளைகளை ஒரு நாள் சுவாமிமலைக்கோ உவர்மலைக்கோ கூட்டிக்கொண்டு போய், நிறுத்தி, இறங்கி, திரும்ப ஏறி எடுத்துப் பழக்கினால் ஒரு மணித்தியாலம்தான் போகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஓட்டப் பரீட்சையில் இதைக் கட்டாயமாகக் கேட்டால் சொல்லித் தராமல் இருக்க ஏலாது.

என் பம்பரை அந்தத் தம்பி செய்து தந்துவிட்டார், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆச்சியை அன்றைக்கு நானே வானில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது அவவுக்கு. விழுந்த தட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டா, தேங்காய் உடைக்காமல் வந்துவிட்டேனே என்று.

அதற்கு அடுத்த கிழமை மரக்காலையில் பன்னிரண்டு கட்டை அறுப்பித்து, மஞ்சள் பெயின்ற் அடித்து, கயிறு கட்டி, கோயிலுக்கு ஏறுகிற வீதியில் இடது பக்கம் தேங்காய் விற்கிற ஒரு அண்ணையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். காசு ஒன்றும் இல்லை, கேட்டால் தருவார். திரும்பிப் போகும்போது வீதியில் விட்டுவிடாமல் அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்த வண்டிக்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
வான் சாரதி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.